தொடருந்து உயிரிக் கழிவறை

தொடருந்து உயிரிக் கழிவறை என்பது மனிதக் கழிவைப் பெட்டியின் அடியில் உள்ள தொட்டியிலேயே சிதைக்கும் கழிவறை ஆகும். இந்திய இரயில்வேயும் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பும் இணைந்து இதனை உருவாக்கின. அரியலூர் வழியாகச் சென்னை–திருச்சிராப்பள்ளி இடையே ஓடும் தொடருந்துகளிலும் இது பொருத்தப்பட்டுள்ளது.

தேவை

முந்தைய கழிவறைகளில் கழிவு நேரே இருப்புப்பாதையில் விழுந்தது. இதனால் தண்டவாளங்கள் அரிக்கப்பட்டன. நிலையங்களில் அக்கழிவைத் தொழிலாளர்களே அகற்ற வேண்டியிருந்தது. மனிதரைக் கொண்டு கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 ஆம் ஆண்டுச் சட்டம் இருப்புப்பாதையையும் குறிப்பிடுகிறது.

செயல்பாடு

காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவை நீராகவும் மீத்தேன் முதலிய வளிமங்களாகவும் மாற்றுகின்றன. நீர் குளோரின் கலக்கப்பட்டு வெளியேறும். நெகிழிப் புட்டி, துணி போன்றவற்றைப் போட்டால் குழாய் அடைபடும்.

பரவல்

2016 இல் மானாமதுரை–இராமேசுவரம் பாதை இந்தியாவின் முதல் பசுமைத் தொடருந்துத் தடமாக அறிவிக்கப்பட்டது. வந்தே பாரத் தொடருந்துகளில் குறைந்த நீரே தேவைப்படும் வெற்றிட வகை பயன்படுகிறது.