மக்கட் பாவலர் அண்ணாபாவ் சாத்தே

கல்விப் பணியில் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து நிற்கும் நாம், பள்ளியில் நிலைக்க வழியின்றிப் போன ஒரு பெரும்பாவலரின் வரலாற்றை இம்மலரில் நினைவுகூர்தல் பொருத்தமாகும்.

மராத்திய நாட்டின் வாட்டேகாவ் சிற்றூரில் 1920 ஆகஸ்ட் 1-ஆம் நாள் பிறந்தவர் அண்ணாபாவ் சாத்தே. இயற்பெயர் துக்காராம். அவர் பிறந்த மாங் சமூகத்தைத் தீண்டத்தகாதோர் என ஊர் ஒதுக்கியது. குற்றப் பரம்பரை என ஆங்கில ஆட்சி முத்திரை குத்தியது. சாதிக்கொடுமையால் ஒன்றரை நாளோடு அவரது பள்ளிப் படிப்பு முடிந்தது என்பர்.

ஆயினும் அவரது சேரியில் வேறொரு கல்வி இருந்தது. நம் பறைக்கு உறவான ஹல்கி முழக்கமும், வீரரைப் போற்றும் 'பவாடா' பாடலும், 'தமாஷா' கூத்தும் அச்சமூகத்தின் வழிவழிச் செல்வங்கள். உறவினரின் கூத்துக் குழுவில் பாடியே அவர் சொல்லாட்சி பெற்றார். பிழைப்புத் தேடிக் குடும்பத்தோடு பம்பாய் சென்று ஆலைத் தொழிலாளியானார். கடைப் பலகைகளையும் சுவரொட்டிகளையும் எழுத்துக்கூட்டிப் படித்தே எழுத்தறிவு பெற்றார். தொழிலாளர் இயக்கம் அவருக்கு உலக அறிவைத் தந்தது. சேரிப் பாட்டும் செங்கொடியும் இவ்வாறு அவருள் ஒன்றாயின.

1944-இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் 'லால் பாவ்டா' கலைக்குழுவை நிறுவினார். தமாஷாவின் தொடக்கத்தில் பாடப்படும் கணபதி வணக்கத்தை விடுத்து, மண்ணையும் மாவீரரையும் வாழ்த்தினார். கேளிக்கை எனத் தள்ளப்பட்ட கூத்தை மக்கள் நாடகமாக்கினார். ஸ்டாலின்கிராட் போரைப் பவாடாவாகப் பாடினார். ஊரில் மனைவியை விட்டுப் பம்பாய் வந்த தொழிலாளியின் பிரிவுத் துயரை, மொழிவழி மாநிலம் கோரிய மராத்திய மக்களின் ஏக்கமாக ஒரு பாடலில் உயர்த்தினார். அம்மாநிலம் 1960-இல் மலர்ந்தது.

1958-இல் பம்பாயில் கூடிய முதல் தலித் இலக்கிய மாநாட்டைத் தொடங்கிவைத்தவரும் அவரே. பூமியைத் தாங்குவது ஆதிசேடனின் தலையன்று, ஒடுக்கப்பட்டோரின் கைகளே என்று அங்கு முழங்கினார். 1959-இல் வெளிவந்த 'பகீரா' புதினத்தை அண்ணல் அம்பேத்கரின் எழுதுகோலுக்குப் படைத்தார். அந்நூல் மாநில அரசின் பரிசைப் பெற்றது.

புகழ் வந்தும் வறுமை அகலவில்லை. குடிசைப் பகுதியிலேயே நெடுங்காலம் வாழ்ந்து, 1969 ஜூலை 18-இல் நாற்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். 2002-இல் அஞ்சல்தலையும், 2022-இல் மாஸ்கோவில் சிலையும் அவருக்கு எழுந்தன. பாடியவனின் பசியை உரிய காலத்தில் ஆற்றாத சமுதாயம் பின்னர் எழுப்பும் சிலை, அக்கடனைத் தீர்த்துவிடாது.

நம் சங்கத்திற்கு இவ்வரலாறு கூறும் பாடம் ஒன்றுண்டு. எழுத்தறிவு நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டும். ஆயின், அதைப் பெற்றபின் பெற்றோரின் பாட்டையும் பறையையும் கண்டு அவர்கள் நாணுவாராயின் நம் பணி பாதியே நிறைவேறியதாகும். இரண்டையும் ஒருசேரக் கைக்கொண்டதாலேயே அண்ணாபாவ் உயர்ந்தார். நம் மாணவரும் அவ்வாறே உயர்க!