குடகர் வீட்டுத் துப்பாக்கி

மாலை வேளைகளில் நம் மக்கள் உலாவச் செல்லும் கப்பன் பூங்கா, மைசூரையும் குடகையும் 1834 முதல் 1861 வரை ஆட்சி செலுத்திய கமிஷனர் மார்க் கப்பனின் பெயர் தாங்கியது. குடகர் இல்லங்களில் இன்றும் உரிமமின்றித் துப்பாக்கி இருப்பதற்கும் அவரே காரணர் என்பதை நம்மிற் சிலரே அறிவர்.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் ஆங்கில அரசு மக்களின் படைக்கலங்களைப் பறிக்கத் தலைப்பட்டது. 1861இல் கப்பன் குடகருக்கு விலக்களித்தார். 1878ஆம் ஆண்டுச் சட்டமோ ஏனைய இந்தியரை உரிமம் கேட்டு நிற்கச் செய்தது. வெள்ளையர்க்கு அக்கட்டு இல்லை! அக்குறை மனத்திற் கிடந்தமையாற்போலும், 1931இல் கராச்சிக் காங்கிரசு படைக்கலம் தாங்குதலைக் குடிமக்கள் உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் காமத் அதனைக் கோரியபோது டாக்டர் அம்பேத்கர் இசையவில்லை. பிரிவினைக் குருதி உலராத காலமன்றோ அது! 1959ஆம் ஆண்டுச் சட்டமும் உரிமமுறையையே கொண்டது.

அமெரிக்க நகரங்களில் வீட்டுக் காவலுக்கெனத் துப்பாக்கி வாங்குவோர் பலர். அங்கு 2008இல் உச்ச நீதிமன்றமும் அதனைத் தனிமனித உரிமையென்றது. குடகிலோ துப்பாக்கி குடும்பத்தின் ஓர் உறுப்பு எனலாம். ஆண்மகவு பிறந்தால் ஒரு வெடி. இறப்பு நேரின் இரு வெடி. செப்டம்பரில் வரும் கைல்போது திருநாளில் அதற்கு மலர் சூட்டி வழிபடுவர்.

குலத்தையும் நிலவுரிமையையும் நோக்கிச் சலுகை வழங்குதல் நமக்கு முற்றும் உடன்பாடன்று. அவ்வினா வழக்காகவும் எழுந்தது. கப்பன் பூங்காவிலேயே செந்நிற மாளிகையில் விளங்கும் நம் உயர் நீதிமன்றம், 2029 வரை நீட்டிக்கப்பட்ட அவ்விலக்கு செல்லும் என்று 2021இல் தீர்ப்பளித்தது.