சிறுமியின் கையில் ஒரு கினி எலி

ஏறத்தாழ 1580-ஆம் ஆண்டில் வரையப்பட்ட ஆங்கிலேய ஓவியம் ஒன்றில் மூன்று குழந்தைகள் நிற்கின்றனர். அவர்கள் பெயர் வரலாற்றில் நிற்கவில்லை. ஆடைகளைக் கொண்டு செல்வர் வீட்டுப் பிள்ளைகள் என்று துணியலாம். ஒரு சிறுமியின் கைகளுக்குள் அடங்கிக் கிடக்கிறது ஒரு கினி எலி. 2013-இல் இலண்டன் தேசிய உருவப்படக் கூடம் இவ்வோவியத்தைக் காட்சிக்கு வைத்தபோது, குழந்தைகளைக் காட்டிலும் அந்தச் சிற்றுயிரே பலரையும் ஈர்த்தது.

அது கினியிலிருந்து வந்ததுமன்று, ஆங்கிலப் பெயர் சொல்வதுபோல் பன்றியுமன்று. ஆண்டிஸ் மலை மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வளர்த்த பிராணி. அவர்கள் மொழியில் 'குய்'. அடுப்பங்கரையில் மிச்சம் மீதி தின்று திரியும். விழா நாளில் உணவாகும். நோயாளியின் உடலில் அதைத் தேய்த்து, பின்னர் அறுத்து, உள்ளுறுப்பைப் பார்த்து நோய் இன்னதென்று சொல்லும் மருத்துவரும் உண்டு. கொஞ்சுவதற்கென்று மட்டும் அதை வளர்க்கும் வழக்கம் கடல் கடந்த பின்னரே வேரூன்றியது எனலாம்.

அந்தக் கடற்பயணத்தை நினைத்துப் பார்க்கிறோம். மனிதனைப் போலவே இப்பிராணியின் உடலும் வைட்டமின் சி-யைத் தானே ஆக்கிக்கொள்ளாது. பச்சிலையும் காயும் கிடைக்காவிடில் ஈறு வீங்கி, மூட்டு நொந்து மடியும். மாலுமிகளைக் கொன்ற அதே ஸ்கர்வி நோய்தான். வாரக்கணக்கில் நீண்ட அப்பயணத்தில் யாரோ ஒருவர் அதற்குப் பசுமையாக ஏதோ கொடுத்துக் காத்திருக்க வேண்டும். இவ்வொற்றுமை வெளிப்பட்டது 1907-இல்தான். நார்வேயில் ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்னும் இருவர், கப்பல் மாலுமிகளின் நோயை ஆராய்வதற்காகக் கினி எலிகளுக்குத் தானியம் மட்டும் கொடுத்தனர். அவற்றுக்கு ஸ்கர்வி கண்டது. அதற்கு முன் எத்தனை வீடுகளில் குளிர்காலத்து உலர்தீவனத்தால் எத்தனை செல்லப்பிராணிகள் மாண்டனவோ! பிள்ளைகள் அழுதிருப்பர், பெற்றோருக்குக் காரணம் புரிந்திராது.

கடிப்பது அரிது, கையில் எடுத்தால் அடங்கியிருக்கும், குட்டி பிறக்கும்போதே கண் திறந்து, உரோமத்துடன் பிறக்கும். குழந்தைக்கு இதைவிடத் தோதான பிராணி எது? ஆனால் இதே சாதுத்தனம்தான் அதைச் சோதனை மேசைக்கும் இட்டுச் சென்றது. 1780-களின் தொடக்கத்தில் லவோசியேவும் லாப்லாசும் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துள் ஒன்றை வைத்து, உருகிய நீரைக் கொண்டு அதன் உடல் வெப்பத்தை அளந்தனர். 1882-இல் காசநோய்க் கிருமியை மெய்ப்பிக்க ராபர்ட் கோக்குக்கும் இவையே உதவின. தமிழில் நாம் 'சோதனை எலி' என்கிறோம். ஆங்கிலத்திலோ சோதனைக்குள்ளாகும் மனிதனுக்கே இதன் பெயர்தான்.

இது கூட்டமாக வாழும் பிராணி. ஒற்றைக் கினி எலியைக் கூண்டிலடைத்துப் பிறந்தநாள் பரிசாகத் தருவது குழந்தைக்கு மகிழ்ச்சி, எலிக்குத் தனிச்சிறை. சுவிட்சர்லாந்து 2008-இல் இயற்றிய விதிகளில் துணையின்றி வளர்ப்பதைத் தடுத்துவிட்டது. இதை மிகையென்று நகைப்போர் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை.

பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரில், பதினாறாம் நூற்றாண்டின் இறுதி அல்லது அடுத்ததன் தொடக்கத்தைச் சேர்ந்த கினி எலி எலும்புகள் கிடைத்துள்ளன. ஐரோப்பியக் கினி எலிகளின் மூலம் பெரு நாட்டு ஆண்டிஸ் என்பதை 2020-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. மோன்ஸ் எலும்புகள் அரண்மனையில் கிடைத்தவையல்ல, நடுத்தர வீடொன்றைச் சேர்ந்தவை. உணவுக்காக அறுத்த தடயம் அவற்றில் இல்லை. யாரோ அதைப் புதைத்திருக்கிறார்கள்.