கே. எஸ். கிருஷ்ணனின் காந்தவியல் ஆய்வும் ஆசிரியப் பணியும்

முன்னுரை

இந்திய அறிவியல் வரலாற்றில் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் (1898–1961) பெரும்பாலும் இராமன் விளைவின் துணை ஆய்வாளராகவே நினைவுகூரப்படுகிறார். 1928 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் வெளிவந்த கட்டுரையில் இராமனுடன் அவர் பெயரும் இடம்பெற்றமை இதற்குக் காரணம். ஆயினும், அவர் தமக்கென வகுத்துக்கொண்ட துறை காந்தவியலாகும். அவ்வாய்வு அவரது ஆசிரியப் பணியோடு இணைந்து வளர்ந்ததை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தொடக்கக்காலம்

வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர்க் கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறைப் பயிற்றுநரானார். நண்பகல் இடைவேளையில் அவர் நடத்திய கலந்துரையாடல்களில் மாணவர்கள் இயற்பியல், வேதியியல், கணிதம் சார்ந்த எவ்வினாவையும் எழுப்பலாம். பிற கல்லூரி மாணவரும் அவற்றிற்கு வந்தனர். 1923இல் கல்கத்தாவில் இராமனின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார்.

டாக்காவில் காந்த ஆய்வு

1928 இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ரீடராகப் பொறுப்பேற்றார். படிகங்களின் காந்த ஏற்புத்திறன் திசைக்குத் திசை வேறுபடும். நுண்ணிய அவ்வேறுபாட்டை அளக்க அவர் உருவாக்கிய முறை எளியது. சிறு படிகமொன்று மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டப்பட்டுச் சீரான காந்தப்புலத்தில் தொங்கவிடப்படும். இழையின் மேல்முனையைத் திருகும்போது, காந்தப்புலம் படிகத்தை அதன் சமநிலைக்கே மீட்க முயலும். படிகம் 45 பாகை விலகும்போது அம்மீட்பு விசை உச்சத்தை எட்டும்; அதனைச் சற்றே கடந்ததும் படிகம் சட்டெனப் புரளும். அப்போது மேல்முனை திரும்பியிருக்கும் கோணத்தைக் கொண்டு வேறுபாடு கணக்கிடப்படும்.

பென்சீன் வளையத்தின் எதிர்க்காந்தத் தன்மை அதன் தளத்திற்குச் செங்குத்தான திசையிலேயே மிகுதி. எனவே நாப்தலீன், ஆந்த்ரசீன் போன்ற படிகங்களில் மூலக்கூறுகள் எவ்வாறு சாய்ந்து அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் காந்த அளவீடு காட்டியது. எக்ஸ் கதிர்வழிப் படிகப் பகுப்பாய்வு பெருங்கணக்கீடுகளை வேண்டிய காலத்தில் இஃது அதற்குத் துணைநின்றது. 1936இல் படிகவியலாளர் காத்லீன் லான்ஸ்டேலுடன் அவர் எழுதிய கட்டுரை இத்தொடர்பை விளக்கியது.

மாணவரும் ஆய்வும்

1933இல் கிருஷ்ணன் கல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியரானார். அவ்வாண்டு இலண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் தொடங்கிய படிகக் காந்தவியல் கட்டுரைத் தொடரின் முதற்பகுதியை குஹா, பானர்ஜி ஆகியோருடன் இணைந்து எழுதினார். பின்னர் முகர்ஜியுடன் செப்பு உப்புகளை ஆராய்ந்தார். கல்லூரி இடைவேளையில் கேள்விகளுக்கு இடமளித்த ஆசிரியர், ஆய்வகத்தில் இளைஞர்களை இணையாசிரியர்களாக்கினார். 1940இல் அவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

முடிவுரை

1942இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் 1947இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகவும் கிருஷ்ணன் பொறுப்பேற்றார். ஓர் இழை, ஒரு படிகம், ஒரு காந்தம் ஆகியவற்றைக்கொண்டு மூலக்கூறின் கிடக்கையை அறிந்த ஆய்வே அவரது தனி அடையாளம். இராமன் விளைவின் ஒளியில் மட்டும் அவரைக் காண்பது, அவ்வடையாளத்தையும் அதில் பங்கேற்ற மாணவரின் உழைப்பையும் மறைத்துவிடும்.