வெள்ளிக் காசில் ஒரு முகம்

தீனார் என்னும் சொல்லைத் திருக்குர்ஆனின் ஆலு இம்ரான் அத்தியாயத்தில் நாம் ஓதுகிறோம். அச்சொல்லின் மூலத்தைத் தேடிச் சென்றால், அது நம்மை ரோமாபுரியின் தெனாரியஸ் என்னும் காசின் முன் கொண்டுபோய் நிறுத்தும். (நமக்குத் தீனார் பொற்காசு, ரோமருக்கோ அது வெள்ளி. சொல் கடல் கடக்கையில் உலோகமும் மாறிவிட்டது போலும்!)

கி.மு. 211 அளவில் தோன்றிய அக்காசில், தலைக்கவசம் தரித்த ரோமா என்னும் தேவதையும், குதிரைமேல் பாயும் இரட்டையரும் பொறிக்கப்பட்டிருந்தனர். பின்னாளில், காசு அடிக்கும் பொறுப்பேற்ற இளம் அதிகாரிகள் தத்தம் குல முன்னோரின் பெருமையையும் அதில் பொறிக்கலாயினர். ஆயினும் உயிரோடிருப்பவர் முகத்தைப் பொறிக்கும் வழக்கம் ரோமில் இல்லை. அது மன்னர் செயல். மன்னர் என்னும் பெயரையே ரோமர் வெறுத்தனர்.

கி.மு. 54 அளவில் அப்பொறுப்பை வகித்தவர் மார்க்கஸ் புரூட்டஸ். அவர் வெளியிட்ட காசின் ஒருபுறம் விடுதலைத் தேவதை. மறுபுறம், ரோமின் கடைசி மன்னனை விரட்டிய மூதாதை புரூட்டஸ், ஏவலர் புடைசூழ நடந்து செல்கிறார். மன்னராட்சி வேண்டா என்பதை இதனினும் தெளிவாகக் கூற இயலுமோ?

பத்தாண்டுகள் கழிந்தன. கி.மு. 44இன் தொடக்கத்தில் ஜூலியஸ் சீசரின் முகம் காசில் ஏறியது. மார்ச் 15 அன்று செனட் கூடிய இடத்திலேயே அவர் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர்களுள் ஒருவர் புரூட்டஸ்.

இனித்தான் நாம் வியப்புறும் செய்தி. கிழக்கே சென்று படை திரட்டிய புரூட்டஸ், கி.மு. 43-42இல் ஒரு வெள்ளிக் காசு அடித்தார். அதில் இரண்டு குத்துவாள்கள். அவற்றின் நடுவே, விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் தொப்பி. கீழே, கொலை நிகழ்ந்த நாளைக் குறிக்கும் எழுத்துகள். காசைத் திருப்பினால் புரூட்டஸின் சொந்த முகம்! கி.மு. 42 அக்டோபரில் பிலிப்பிப் போரில் தோற்று, அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அதன்பின் ஆண்ட அகஸ்டஸ், திபேரியஸ் முதலியோர்க்குத் தயக்கமே இருக்கவில்லை. நம் கோவை வட்டாரத்து மண்ணில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளுள் பெரும்பாலானவை அவ்விருவர் முகம் தாங்கியவையே.

இதனை எண்ணுகையில் கலீபா அப்துல் மலிக்கின் நினைவு நமக்கு எழுகிறது. அவர் ஆட்சியிலும் ஹிஜ்ரி 74 முதல், கலீபா வாள் தாங்கி நிற்கும் உருவம் பொறித்த தீனார்கள் வெளிவந்தன. ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696-97) அவ்வுருவை அவரே நீக்கினார். புதிய தீனாரில் இருந்தவை எழுத்துகள் மட்டுமே: ஏகத்துவக் கலிமா, இறைவசனம், அடித்த ஆண்டு. அவருடைய பெயர்கூட அதில் இல்லை.