சட்டத்துக்குள் அனுமார்

பெசன்ட் நகரில், எலியட்ஸ் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வசிக்கும் நண்பர் ஒருவருடைய கூடத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் அனுமார் ஒருவர் சிறையிருக்கிறார். ஆட்டுத்தோலில் வெட்டி, உடம்பெல்லாம் பொடிப்பொடியாகத் துளையிட்டு, சிவப்பும் பச்சையுமாகச் சாயம் ஏற்றிய தோற்பாவை அது. விருந்தினர் வரும்போதெல்லாம் நண்பர் அதன் பின்னாலுள்ள சிறு விளக்கைப் போட்டு வேலைப்பாட்டை விளக்குவார். நானும் தவறாமல் புகழ்ந்துவிட்டு வருவேன். ஆயினும், ஆர்மோனியமும் மிருதங்கமும் ஜால்ராவும் முழங்க இரவெல்லாம் இலங்கையைக் கலக்கவென்று பிறந்த ஒரு மூர்த்தி, மின்விசிறியின் முனகலையன்றி வேறு பக்கவாத்தியம் இல்லாமல் நிற்பதைக் காண எனக்குச் சங்கடமாகவே இருக்கும்.

பாவையாட்டம் தமிழுக்குப் புதிதன்று. கயிற்றால் ஆடும் மரப்பாவையைக் குறளே உவமையாக்கியிருக்கிறது. தோற்பாவைக் கூத்தைத் தமிழ்நாட்டில் பரம்பரையாக நடத்தி வருபவர்களோ, வீட்டில் மராத்தி பேசும் மண்டிகர் என்னும் சமூகத்தார். 1676 முதல் 1855 வரை தஞ்சையில் நிலவிய மராத்திய ஆட்சியையொட்டி இவர்களுடைய முன்னோர் தெற்கே வந்தார்கள் என்பர். பின்னர் மதுரை, திருநெல்வேலி, கன்னியாகுமரிச் சீமைகளில் ஊர் ஊராகக் கூடாரமடித்து, இராமாயணத்தைப் பல இரவுகளுக்குப் பகுத்து ஆடினார்கள். இவர்களுடைய வரலாற்றை அ. கா. பெருமாள் சிரத்தையோடு திரட்டித் தந்திருக்கிறார்.

இக்கலைஞனுடைய பகற்பொழுது தோலோடு கழிவது. ஊறவைத்து, மயிர் சுரண்டி, இழுத்துக் கட்டி உலர்த்திய தோலில் உருவத்தைக் கீறி, சிற்றுளியை வைத்துத் தட்டித் தட்டி அவன் இடுகிற துளைகளை வெறும் அலங்காரம் என்று எண்ணிவிடலாகாது; திரைக்குப் பின்னே விளக்கேற்றியதும் கிரீடமும் ஆரமும் சுடர்வது அவற்றின் வழியாகத்தான். இரவானாலோ அதே கைகள் பாவையைப் பிடித்தாட்ட, வாய் இராமனாகவும் சூர்ப்பணகையாகவும் கோமாளி உளுவத்தலையனாகவும் மாறி மாறிப் பேசிப் பாட, போர்க்காட்சி வந்தால் கால் பலகையை மிதித்து இடி முழக்க, மனைவியும் மக்களும் பக்கத்தில் வாத்தியங்களோடு அமர்ந்திருப்பார்கள். இந்தக் குடும்பங்களில் பிறந்த பிள்ளைக்கு உளியும் தாளமும் சேர்ந்தே கைவருகின்றன. ஜாவாத் தீவின் நிழற்கூத்திலும், தாலாங் எனப்படும் கூத்தன் பாவைப் பெட்டியைக் கட்டையால் தட்டியே காமெலான் வாத்தியக் குழுவை நடத்துகிறான். அக்கூத்தை யுனெஸ்கோ 2003இல் மானிட மரபுச் செல்வமாகப் பிரகடனம் செய்தது.

சினிமா வந்தபின் நம்மவர் கூடாரங்கள் காலியாயின. ஆந்திரத்தின் அனந்தபூர்ப் பகுதியிலுள்ள நிம்மலகுண்டா கிராமத்தில், இதே போல மராத்தி பேசும் பொம்மலாட்டக் குடும்பங்கள் பிழைப்புக்காகத் தோலில் விளக்குக் கூண்டுகளும் சுவர்ச் சித்திரங்களும் செய்யத் தலைப்பட்டன. அவ்வூர்க் கலைஞர் தளவாய் சலபதி ராவுக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கூத்தும் கைவினையும் இரண்டுமே தெரிந்த அவரைப் போன்றவர்களிடமிருந்து உலகம் விலைகொடுத்து வாங்குவது பெரும்பாலும் கைவினையை மட்டுந்தான். வாங்குவோரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. இரவெல்லாம் கண் விழித்துக் கேட்க நம்மில் யார் இருக்கிறோம்? இருந்தாலும், தோலில் துளை போடும்போதே அந்தப் பாத்திரத்தின் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு, பாட்டில்லாத பாவை எப்படித் தோன்றுமோ என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

சென்ற மாதம் சட்டத்துக்குச் சாயம் பூசுவதற்காக நண்பர் அனுமாரை வெளியே எடுத்திருந்தார். ஆசையோடு கையில் வாங்கினேன். தோளிலும் முழங்கையிலும் முடிந்த கயிறுகள் திடமாகவே இருந்தன. கை இலகுவாக ஆடியது. ஆனால் உடலின் நடுவே பாவையைத் தாங்கிப் பிடிக்கும் பிளந்த மூங்கிற்குச்சியைக் காணோம். எங்கே என்று கேட்டேன்.

"அது கீழே நீட்டிக்கொண்டிருந்தது சார், சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று கடையிலேயே கழற்றிவிட்டார்கள்" என்றார் நண்பர்.