எல்லை மலையும் தொலைக்காட்சிப் படமும்

1956-இல் மாநிலங்கள் மொழிவழி வகுக்கப்பட்டபோது தேவிகுளம், பீருமேடு, சித்தூர் வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. அங்கே தமிழரும் மிகுதியாக வாழ்ந்தனர். 1975 ஆகஸ்டு 15-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிய பின்னும், அதன் அலைகள் அவர்களை எட்டவில்லை. பின்னாளில் கொடைக்கானல் மலையில் ஒளிபரப்பி எழுந்தது. தொலைக்காட்சி அலை அரசின் எல்லையை அறியாது. ஆனால் மலை முகட்டில் தடைப்படும். முகடு மறைத்த வீடுகளில் படம் உருண்டது.

காரணம் யாது? படக்குறிகையின் மொத்த அளவு ஒரு வோல்ட். அதில் 0.7 வோல்ட் ஒளியையும் நிழலையும் தருவது. எஞ்சிய 0.3 வோல்ட், கண்ணுக்குப் புலனாகாத ஒத்திசைவுத் துடிப்பு. 625 வரிகளையும் உரிய இடத்தில் நிறுத்துவது அதுவே. அலை மெலிந்தால் அத்துடிப்பு இரைச்சலில் மூழ்கும்.

அதற்கு அஞ்சிப் பூஸ்டரை அளவின்றி முடுக்கினாலும் தீங்கே. இந்திய முறையில் துடிப்பு அலையின் உச்சியில் நிற்பது. ஆகவே மிகை வலிவில் முதலில் நசுங்குவதும் அதுவே. படம் மீண்டும் கிழியும். ஆண்டெனாவை நேரே திருப்பி, வலிவை அளவோடு நிறுத்துவதே தீர்வாகும்.

அன்பர்களே! அவ்வானலை ஒளிபரப்பு இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. தாய்மொழியைக் காணக் கூரையேறிய அந்நாளின் வேட்கையை, பிற மாநிலத்தில் வாழும் நீங்கள் நன்குணர்வீர்கள்.